வீடு திருத்தும் தந்தையரும் வீட்டிலிருக்கும் பிள்ளைகளும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்றார்கள் எமது முன்னோர். பிள்ளையை வளர்த்துக்கொண்டே வீட்டைத் திருத்திப்பார் என்று அவர்கள் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஊரிலே வீடு கட்டிய தந்தை தனித்து நின்று கட்டவில்லை. மேசனும் தச்சனும் கூலியாளும் வளவில் நின்றார்கள். பிள்ளையைப் பார்க்கப் பாட்டியும் அயல்வீட்டு மாமியும் இருந்தார்கள். இலண்டனிலோ ஒரே தந்தை இவர்கள் அனைவருமாக ஆகவேண்டியிருக்கிறது.

நாம் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், சீட்டுக்காசும் வங்கிக்கடனும் சேர்த்து, நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு வரிசைவீட்டை வாங்கினோம். நூறு வயதைக் கடந்த வீடு. திருத்தாமல் குடியிருக்க இயலாது. ஆள்பிடித்துத் திருத்துவிக்கக் கையில் பணம் இல்லை. எமது துணைவியாருக்கு வார இறுதிகளில் மருத்துவமனையில் வேலை. ஆகவே சனியும் ஞாயிறும் வீடும் ஆறு வயது மகளும் ஒருங்கே எமது பொறுப்பில் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய காலத்தில் ஓர் ஆணிகூட நேராக அடித்தறியாத எமது கைகள் உளியும் வாளும் பிடிக்கப் பழகியது இவ்வாறுதான்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மாடிப்படிக் கைப்பிடியின் பழைய பூச்சை மரம் தேய்க்கும் இயந்திரத்தால் உரித்துக்கொண்டிருந்தோம். எமக்கு முகமூடி இருந்தது. மகள் கீழ்ப்படியில் அமர்ந்து பாணும் வெண்ணெயும் உண்டுகொண்டிருந்தாள். அவளுடைய தலைமயிரிலும் பாணிலும் வெண்ணிறத் தூசு படிந்ததைக் கண்டும், மாலையில் குளிக்கவார்த்தால் போகும் என்று எண்ணினோமேயன்றி வேறொன்றும் நினைக்கவில்லை. கட்டடவேலை தெரிந்த நண்பர் ஒருவர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, "வீட்டின்ர வயசு தெரியுமே? உதில ஈயம் இருக்குமெல்லோ!" என்று கேட்டபோதுதான் எமக்கு உறைத்தது.

இந்நாட்டுப் பழைய வீடுகளின் மரவேலைப் பூச்சுகளில் ஈயம் கலப்பது 1960கள் வரை வழமையாக இருந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 1992 இலேயே தடுக்கப்பட்டது. சிதையாமல் சுவரோடு ஒட்டியிருக்கும்வரை அது பெரிதும் தீங்கு செய்யாது. உலர்நிலையில் தேய்த்தாலோ சூடுகாட்டி உருக்கினாலோ நுண்தூசாகவும் புகையாகவும் வீடெங்கும் பரவும். உட்சென்ற ஈயத்தை வளர்ந்தோரைவிட நான்கு, ஐந்து மடங்கு கூடுதலாகச் சிறுபிள்ளையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையையே அது தாக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இங்கிலாந்தில் சிறுவர் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 10 மைக்கிறோகிராம் என்றிருந்த தலையீட்டு எல்லையை 2021 இல் 5 ஆகக் குறைத்தார்கள்.

வைத்தியரிடம் கேட்டு மகளின் இரத்தத்தைச் சோதிப்பித்தோம். முடிவு வருவதற்கு எடுத்த நாட்களை இங்கு விவரிக்கப் போவதில்லை. 3 என்று வந்தது. சில மாதங்களின் பின் மறுபடி பார்த்தபோது குறைந்திருந்தது. எல்லைக்குக் கீழ் என்றார் வைத்தியர். ஆனால் அவ்வெண்ணில் எவ்வளவு எமது கையால் வந்தது என்பதை எவராலும் சொல்ல இயலாது.

இன்னொன்றையும் அந்த நாட்களிலேதான் கண்டோம். சுவர்த்தாள் உரிக்கப்பட்டிருந்த மாடிப்படிச் சுவரில், பென்சிலால் இட்ட சிறு கோடுகள் வரிசையாக இருந்தன. எண்ணினோம், இருபத்துமூன்று. என்ன கணக்கு என்று மகளைக் கேட்டோம். "அப்பா 'கொஞ்சம் பொறு' எண்டு சொன்னது" என்றாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாடசாலையில் எண்ணப் பழகியிருந்தாள்; வீட்டில் எண்ணுவதற்கு அது கிடைத்தது.

எம்மவர் எவரைக் கேட்டாலும் பிள்ளைக்காகத்தானே இத்தனை பாடும் என்பார்கள். நாமும் அப்படித்தான் சொல்லிவந்தோம். இப்போது அந்தச் சொல்லை நாம் ஐயத்தோடு பார்க்கிறோம். ஆறு வயதுப் பிள்ளை புதிய குசினி வேண்டுமென்று கேட்டதில்லை. மேல்மாடத்தில் ஒரு அறை கூட்டுவதும், பின்புறம் நீட்டிக் கட்டுவதும், புதுமனை புகுவிழாவுக்கு வருவோர் வியக்கத் தரையோடு பதிப்பதும் பெரும்பாலும் எமக்காகவே. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வீடு இழந்தவர்களுக்கு வீட்டின்மேல் இருக்கும் பசி மற்றவர்க்கு விளங்காது.

எமது தந்தையார் 1985 இல் வலிகாமம் வடக்கில் கல்வீடு கட்டினார். காசு வந்தபோதெல்லாம் ஓர் அறையாகக் கட்டினார். அப்போது எமக்கு எட்டு வயது. காலையும் மாலையும் புதுச் சீமெந்துச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது எமது வேலை. வாளி பாதி நிறைந்தாலே தூக்க இயலாது. எனினும் அச்சுவர் எம்மால் நின்றது என்றே நம்பினோம். 1990 இல் அவ்வீட்டை விட்டு வெளியேறினோம். உயர்பாதுகாப்பு வலயத்துக் காணிகள் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது சென்று பார்த்த உறவினர், அத்திவாரமும் கிணறும் மட்டுமே மிஞ்சியதாக அறிவித்தார். அந்த வீட்டைப் பற்றி இன்று எம்மிடம் இருப்பது அந்த வாளியின் நினைவுதான். அறைகளின் நீள அகலம் மறந்துபோயிற்று.

எமது மகளுக்கோ நாம் வாளி கொடுக்கவில்லை. தொலைக்காட்சியின் முன் இருத்திவிட்டுக் கதவுக்குப் பொலித்தீன் திரை கட்டினோம். தூசு நிறைந்த வேலைக்கு அவளை அருகில் வைத்திருந்தோம்; அருகில் வைத்திருக்கத்தக்க வேலையின்போது விலக்கிவைத்தோம். இரண்டும் தலைகீழ்.

இப்போது வேலைகளை வேறாக்கியுள்ளோம். பழைய பூச்சில் கைவைப்பதாயின் மகள் வீட்டிலேயே இருப்பதில்லை. நண்பர் வீட்டில் இருப்பாள். நனைத்த அரத்தாளால் மட்டுமே தேய்க்கிறோம். சாதாரண தூசுறிஞ்சி நுண்தூசை மறுபுறம் வெளியே தள்ளுமாதலால், அதற்கென உள்ள வடிகட்டியுடைய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறோம். நல்ல நிலையில் உள்ள பூச்சை உரிப்பதேயில்லை; மேலே புதிதாகப் பூசிவிடுகிறோம். கூரைத்தட்டில் 1970களின் ஆட்டெக்ஸ் பூச்சு அலையலையாக இருக்கிறது. அதில் அஸ்பெஸ்ரோஸ் இருக்கக்கூடும். இந்நாட்டில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999 இலேதான். பார்க்க அழகில்லை என்று வருவோர் எல்லோரும் சொல்லுகிறார்கள். சொல்லட்டும், சோதித்துப் பார்க்கும்வரை அதில் ஒரு துளைகூட இடப்போவதில்லை. எரிவாயுக் குழாயைத் தாமே மாற்றும் அன்பர்கள் சிலரையும் நாம் அறிவோம். பதிவுபெற்றவர் செய்யவேண்டிய வேலை அது. நூறு பவுண் மிச்சம் பிடிக்கும் இடம் அதுவன்று.

எஞ்சிய வேலைகளில் மகள் பங்காளி. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பாள். ஆணிகளைப் பருமன்வாரியாகப் போத்தல்களில் பிரிப்பாள். மட்டம் பார்க்கும் கருவியில் குமிழி நடுவே வந்ததா என்று சொல்வது அவளுக்கே உரிய அதிகாரம். அவள் இல்லையென்றால் இல்லைதான். குறடு, அலவாங்கு, சாந்தகப்பை, தூக்குக்குண்டு என்ற சொற்கள் அவளுடைய வாயில் வந்துவிட்டன. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைப் புத்தகத்தில் யானையும் மயிலும் உண்டு. இலண்டன் வீட்டில் அவற்றை அழைக்க வேண்டிய தேவை நேர்வதில்லை. குறட்டை நாளுக்குப் பத்துமுறை கேட்கவேண்டியிருக்கிறது.

இதனால் வேலை தாமதமாகிறது என்பதை மறைக்கவில்லை. இரு கிழமையில் முடியவேண்டிய அலுமாரித்தட்டு ஏழு கிழமை எடுத்தது. மாலை நான்கு மணிக்கு எந்த நிலையிலும் கருவிகளை வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போவதென்பது வீட்டுச் சட்டம். பாதி பூசிய சுவர் காய்ந்து கோடு விழுந்தாலும் சரி. குளியலறைக்கு இன்னும் கதவில்லை, திரைச்சீலைதான். உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, படித்தவர்களின் வீடு இப்படித்தான் இருக்கும் என்று கூறிச் சென்றார். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம்.

அந்த இருபத்துமூன்று கோடுகள் மீது இன்னும் சாந்து பூசவில்லை. வரும் ஞாயிறு குசினிச் சுவருக்கு வர்ணம். மகளின் கை எட்டும் உயரம்வரை அவள் பூசுவாள், அதற்கு மேல் நாம். நிறம் மஞ்சள் என்று அவளே தீர்மானித்துவிட்டாள். துணைவியாருக்கு இன்னும் அறிவிக்கவில்லை.