யார் முட்டாள்?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொய் சொல்வது என் தொழில். ஆனால் என் பொய்க்கு மேலே 'கதை' என்று பெயர் போட்டுத்தான் விற்கிறேன். அதைச் சரித்திரம் என்று சொல்லி யார் தலையிலும் கட்டியதில்லை. இந்த ஒரு யோக்கியதையை வைத்துக்கொண்டுதான், போர்ட் லூயி நகரத்தில் நான் காசு கொடுத்துக் கேட்ட ஒரு 'சரித்திர'த்தோடு சண்டைக்கு நிற்கிறேன்.

போர்ட் லூயி, மொரீஷியஸ் தீவின் தலைநகரம். 1847 செப்டம்பர் 21-ஆம் தேதி அங்கே இரண்டு தபால் தலைகள் வெளியாயின. ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பென்னி, கருநீலத்தில் இரண்டு பென்னி, ஒவ்வொன்றிலும் 500. இன்று உலகத்தில் இரண்டும் சேர்த்து எஞ்சியிருப்பவை 27. அவற்றில் ஒரு ஜோடியை 1993-ல் மொரீஷியஸ்காரர்கள் சேர்ந்து ஏறக்குறைய இருபது லட்சம் டாலர் கொடுத்து வாங்கித் தாய்நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 2001-ல் துறைமுகத்தோரம் அதற்கென்றே ஒரு காட்சிசாலையும் திறந்தார்கள். இந்தத் தபால் தலைகளின் கதையைச் சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டத்தோடுதான் நானும் நடந்தேன்.

எங்கள் வழிகாட்டி ஓர் இளைஞர். தமிழ்ப் பெயர், தமிழ் பேச வராது. துறைமுகத்தருகே பழைய தபாலாபீஸ் கட்டடத்தின் முன்னால் எங்களை நிறுத்தி அவர் சொன்ன கதை இது:

தபால் தலை செதுக்கும் வேலை பர்னார்டு என்ற அரைக்குருட்டுக் கிழ கடிகாரக்காரனிடம் போயிற்று. ராணியின் தலையைச் செதுக்கிவிட்டான். ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்பது மறந்துவிட்டது. கேட்டுவரப் புறப்பட்டான். எதிரே இந்தக் கட்டடம்; நெற்றியில் 'போஸ்ட் ஆபீஸ்' என்ற எழுத்து. 'அடடே, இதுதான்!' என்று திரும்பிப் போய் அதையே செதுக்கினான். 'போஸ்ட் பெய்டு' என்று இருந்திருக்க வேண்டியது 'போஸ்ட் ஆபீஸ்' ஆயிற்று.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜோசப் ஆஸ்மாண்ட் பர்னார்டு கிழவரல்ல. முப்பதை ஒட்டிய வயது. 1838-ல் கப்பலில் டிக்கெட்டில்லாமல் ஒளிந்து வந்து இறங்கி, செதுக்கு வேலையால் தீவில் காலூன்றிய மனிதர். அவர் 'எதிரே கண்ட' தபாலாபீஸ் கட்டடமோ 1860-களில் எழுந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு கட்டப் போகும் வீட்டின் பெயர்ப் பலகையை அரைக்குருடன் படித்தானாம்! 'போஸ்ட் ஆபீஸ்' என்பது தவறான வாசகமா? அதே 1847-ல் அமெரிக்கா வெளியிட்ட தபால் தலைகளிலும் அதே சொற்கள்தாம் இருக்கின்றன. வாஷிங்டனிலும் யாராவது அரைக்குருட்டுக் கடிகாரக்காரன் தெருவில் அலைந்தானா?

இன்னொன்று. செப்புத் தகட்டில் செதுக்குகிறவன் எழுத்துக்களை இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாக யோசித்து வெட்டுகிறவன் எந்தச் சொல்லை வெட்டுகிறோம் என்று அறியாமலா வெட்டுவான்? மறு வருஷம் 'போஸ்ட் பெய்டு' என்று வந்த தலைகளைச் செதுக்கியதும் அதே பர்னார்டுதான். உளறிக் கொட்டிய கிழவனிடமா சர்க்கார் மறுபடி வேலை கொடுக்கும்?

சரி, ஒரு வேடிக்கைக் கதைதானே, போகட்டும் என்பீர்கள். நானும் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே வழிகாட்டி இன்னொரு கதையும் சொன்னார். 1904-ல், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர், இந்தக் கருநீலத் தலை ஒன்றை 1,450 பவுன் கொடுத்து வாங்கினார். 'எவனோ ஒரு மடையன் ஒரு தபால் தலைக்கு இவ்வளவு கொடுத்திருக்கிறானே, பார்த்தீர்களா?' என்று அரண்மனைக்காரர் ஒருவர் கேட்டாராம். 'அந்த மடையன் நான்தான்' என்றாராம் இளவரசர். கூட்டம் மறுபடியும் சிரித்தது. ஆனால் இது மரியாதைச் சிரிப்பு. இளவரசரின் மடத்தனம் ரசனை. தொழிலாளியின் மடத்தனம் குருடு. பெரிய வீட்டுக் கோழிமுட்டை குடியானவன் வீட்டு அம்மியை உடைத்த கதைதான்.

தபாலாபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆப்ரவாசி காட். 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரையேறிய துறைமுகம் இது. அங்கே 1849-ல் கட்டத் தொடங்கிய குடியேற்றக் கிடங்கின் கல்படிகள் இன்றும் இருக்கின்றன. சென்னையில் கப்பலேறிய நம்மவர்களும் அந்தப் படியில் கால் வைத்தவர்கள்தாம். அவர்களுக்கு மாதம் ஐந்து ரூபாய் சம்பளம். பெயரோடு ஓர் எண்.

"உங்கள் முன்னோர்களும் இப்படி வந்தவர்கள்தானே, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆமாம் சார்," என்று அவர் சிரித்தார். "கல்லைப் புரட்டினால் அடியில் தங்கம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பிக் கப்பலேறினார்களாம். பாவம், வெகுளிகள்!"

இப்போது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பையன் மேல் அல்ல. தன் பாட்டனுக்குப் பாட்டனையே பார்த்துச் சிரிக்கும்படி அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பசியிலும் கடனிலும் கிடந்தவன் கப்பலேறினான். ஆள்பிடிப்பவர்களின் அக்கிரமம் பொறுக்காமல் 1839-ல் இந்திய சர்க்காரே கூலிகள் போவதைத் தடுத்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால், 1842-ல் கதவை மறுபடி திறந்துவிட்டது. தங்கம் இருக்கிறது என்று நம்பியவனைப் பற்றிக் கதை இருக்கிறது. இருக்கிறது என்று பொய் சொன்னவனைப் பற்றிக் கதை எங்கே?

உழைத்தவனை முட்டாளாக்கிவிட்டால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: அவனுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏமாந்தது அவன் புத்தி என்று முடித்துவிடலாம். இதைச் சிரிப்போடு சொன்னால் கேட்கிறவர்களுக்கும் உறுத்தாது, காசும் வசூலாகிவிடும்.

நான் ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகக் காட்டட்டும். தபாலாபீஸின் முன்னால் நிறுத்தி, 'இந்தக் கட்டடம் பிறப்பதற்கு முன்பே ஒரு கைதேர்ந்த தொழிலாளி செதுக்கிய தலை இது' என்று சொல்லட்டும். ஆப்ரவாசி காட் படிகளின் முன்னால் நிறுத்தி, 'இந்தப் படியேறியவர்களின் கை விளைவித்த கரும்பில்தான் இந்தத் தீவு வாழ்ந்தது' என்று சொல்லட்டும். சொல்கிறவனும் அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான்.

காட்சிசாலையில் அந்தத் தலைகளை உற்றுப் பாருங்கள். விக்டோரியா ராணியின் கழுத்துக்குக் கீழே, மார்பின் விளிம்பில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் 'ஜே. பி.' என்று இரண்டு எழுத்துக்கள் இருக்கும். ஜோசப் பர்னார்டு தன் கையெழுத்தை ராணியின் உருவத்திலேயே வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரையா அரைக்குருடர் என்கிறீர்கள்?