தராசு சொல்லாத செய்தி

எம் பாடசாலை ஆசிரியர் அறையிலே யன்னலோரத்துக் கதிரை நெடுங்காலமாக ஒரு நண்பருக்கே உரியது. கணிதம் கற்பிப்பவர், வயது 48, நல்ல பருத்த தேகம். சென்ற சித்திரையில் அவருடைய இரத்தத்திற் சீனி கூடியிருக்கக் கண்ட வைத்தியர், தினமும் நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். நண்பர் வெள்ளைச் சப்பாத்து வாங்கினார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தார். 21 நாள் தவறாது நடந்தார். மறுநாள் மருந்துக்கடைத் தராசில் ஏறி நின்றார். குறைந்திருந்தது 400 கிராம்.

"ஒரு தேங்காயின் நிறைகூட இல்லை, மாஸ்டர்! இதற்காகவா ஒழுங்கை நாய்களுக்கெல்லாம் பயந்து திரிந்தேன்?" என்று கூறிக் கதிரையிற் சாய்ந்தார். சப்பாத்து அன்றோடு அலுமாரிக்குட் புகுந்தது.

மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீடு சேர்ந்தபின் அச்சிரிப்பு மனத்தை உறுத்தியது. கணக்கிலே வல்லவரான அவர், அளக்க வேண்டியதை விட்டு வேறொன்றை அளந்து, விடை பிழையென்று பலகையை அழித்துவிட்டார். இதனைச் செய்தவர் அவர் ஒருவர் மாத்திரமல்லர். நாற்பதைக் கடந்து வயிறு முன்தள்ளிய நம்மிற் பலர் நடக்கத் தொடங்குவதும் தராசுக்காக, நிறுத்துவதும் தராசினால்.

இலண்டன் மாநகரின் இரண்டு தட்டுப் பஸ் வண்டிகளைப் படங்களிலேனும் கண்டிருப்பீர்கள். முன்னாளில் அவ்வண்டியின் சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டு வழங்குவதற்காக மேற்றட்டுக்கு ஏறுவதும் இறங்குவதுமாக நாளொன்றில் 500 படிகளுக்கு மேல் மிதிப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர். ஒரே தெருவின் புகையைச் சுவாசிப்போர். ஜெரமி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞர், இத்தகைய போக்குவரத்து ஊழியர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க் கணக்கை ஆராய்ந்து 1953 இல் வெளியிட்டார். நடத்துநரிடத்தில் மாரடைப்பு நோய் குறைவாயிருந்தது. வந்தவர்களுக்கும் பிந்தியே வந்தது. அதனால் உடனே மாண்டோரும் குறைவு.

சாரதிகள் பருத்தவர்களாயிருந்தமையே இதற்குக் காரணம் என்று ஒருவர் வாதிடலாமல்லவா? மொறிஸும் அவர் தோழரும் அதனையும் விட்டுவைக்கவில்லை. சீருடை வழங்கிய கணக்குகளைப் புரட்டி, காற்சட்டைகளின் இடுப்பளவை ஒப்பிட்டு, 1956 இல் எழுதினார்கள். சாரதிகளின் இடுப்பு அகன்றுதான் இருந்தது. இளவயதுச் சாரதிகளிடத்திலும் அவ்வாறே. ஆயின், மெலிந்தவர், நடுத்தரத்தினர், பருத்தவர் என மூவகையாகப் பிரித்து நோக்கியபோது, மூவகையிலும் நடத்துநருக்கே ஆபத்துக் குறைவாயிருந்தது. பருத்த நடத்துநர், பருத்த சாரதியிலும் பார்க்கப் பாதுகாப்புடையவர்! இவ்வொரு வாக்கியத்தை எழுதி நண்பரின் கதிரைக்கு மேலே ஒட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. மொறிஸ் முதுமையிலும் உடற்பயிற்சியைக் கைவிடாதவர். 2009 இல் தமது 99 ஆம் வயதிற் காலமானார்.

இலண்டன்காரரின் உடல் வேறு, உணவு வேறு என்பார்க்குச் சென்னையிலிருந்து விடையுண்டு. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை அங்கே வைத்தியர்கள் மூன்றாண்டு காலம் தொடர்ந்து கவனித்து, முடிவை 2006 இல் வெளியிட்டனர். வழமையான ஆலோசனையுடன் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் அக்காலத்தினுள் நீரிழிவாளராயினர். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்குமாறு பழக்கப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 39 பேர். இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி வேறொன்று. நோயிலிருந்து தப்பிய இக்கூட்டத்தாரின் உடல் நிறை குறிப்பிடத்தக்கவாறு குறையவேயில்லை. அவர்களையும் தராசு ஏமாற்றித்தான் இருக்கிறது. அவர்கள் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

இது எங்ஙனம் நிகழ்கிறது? நடக்கும்போது காற்றசைகள் இரத்தத்திலுள்ள சீனியை உறிஞ்சிக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும், இயங்கும் தசை அதன் தயவை எதிர்பாராமலே சீனியை உள்ளே எடுக்கவல்லது. நடை நின்ற பின்னரும் இந்நன்மை பல மணி நேரம் நீடிக்கும். ஆயினும் இரண்டொரு நாளில் மங்கிவிடும். ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் மூன்று மணி நேரம் நடந்து, எஞ்சிய ஆறு நாளும் சாய்மனைக் கதிரையிற் கிடப்பது போதாது. ஈரலிலும் குடலைச் சூழ்ந்தும் படிந்த கொழுப்பு, நிறை மாறாதபோதும் சிறிது சிறிதாகக் கரைவதுண்டு. மருந்துக்கடைத் தராசுக்கு இவையெல்லாம் தெரியா.

நிறையைக் குறைக்க விரும்புவோர் உணவிலே கைவைக்காமல் முடியாது என்பதையும் ஒளியாமற் சொல்லிவிட வேண்டும். அரைமணி நேர நடையிற் செலவான சக்தியை, வழியிலுள்ள தேநீர்க்கடையின் ஒரு வடையும் ஒரு பால்தேநீரும் திருப்பித் தந்துவிடும். நம் நண்பரின் 400 கிராமுக்கு அக்கடையும் சாட்சி சொல்லக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டும். மிதம் என்றால், பேச முடியும், பாட முடியாது என்னுமளவு மூச்சு வாங்குதல். முன்னர் பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கிற் சேரும் என்றிருந்தது. இப்போது அவ்விதியும் இல்லை. வளவு கூட்டுதலும் சேரும். கிணற்றிலே தண்ணீர் அள்ளுதலும் சேரும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று கைத்தொலைபேசியைப் பார்த்து ஏங்குவோர் உளர். அத்தொகை 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடிகணிக்கும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. வைத்திய ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. முழங்கால் நோகும் பருத்த உடலினர் முதல் வாரம் படலை வரை பத்துத் தடவை போய் வந்தாலே போதும். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ உண்டாயின் நிறுத்தி வைத்தியரை நாடுக. நீரிழிவாளர் வெறுங்காலுடன் நடவாதிருக்க வேண்டும். திரும்பியதும் பாதத்திற் காயமுண்டோ என்று பார்க்க வேண்டும். இன்சுலின் ஏற்றுவோர் வெறுவயிற்றுடன் நெடுந்தூரம் போகலாகாது.

நண்பரின் மனைவியார் ஒருநாள் கூறியதை இங்கே எழுதாமல் விட இயலவில்லை. "அவர் சப்பாத்துப் போட்டு நடந்தால் 'தேகப்பியாசம்' என்கிறார்கள். நான் மாலையில் றோட்டால் நடந்தால், 'எங்கே போகிறீர்கள், என்ன பிரச்சினை?' என்று நாலு பேர் கேட்கிறார்கள்." அவருக்கும் உடல் பருமனே; இரத்த அழுத்தமும் உண்டு. காரணம் கேட்கப்படாமல் நம் ஊர்ப் பெண்ணொருத்தி சுற்றி நடக்கக்கூடிய இடம் கோயில் வெளிவீதி ஒன்றே போலும். ஆண்களுக்கு உபதேசிக்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. நானும் எண்ணியதில்லை.

சென்ற திங்கட்கிழமை, இலண்டனையும் சென்னையையும் சேர்த்து நண்பருக்கு ஒரு பாடமே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மாஸ்டர், உம்முடைய சைக்கிள் எங்கே?" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. தொண்ணூறுகளிற் குடாநாட்டுக்கு எரிபொருள் வராது தடுக்கப்பட்டிருந்த காலத்திலே பாடசாலை மாணவனாயிருந்தவன் நான். அன்று ஊரே சைக்கிளில் ஓடியது. அக்காலம் மீண்டும் வரவேண்டுமென்று எவரும் விரும்பமாட்டார். ஆயினும் எம் கால்கள் அன்று வலுவோடிருந்தன. 2022 இல் நாடு முழுவதும் பெற்றோல் இன்றித் தவித்தபோது, நானும் நண்பரும் மீண்டும் சைக்கிளேறி நாள்தோறும் ஐந்து கிலோமீற்றர் போய் வந்தோம். இடுப்புப் பட்டியிலே இரண்டு துளை உள்ளே போயிற்று. பெற்றோல் வந்தது, மோட்டார்ச் சைக்கிளும் வந்தது, பட்டி பழைய துளைக்கே திரும்பியது. சைக்கிளோ விறகுக்கொட்டிலிலே காற்றுப் போய்ச் சாய்ந்து நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை இரண்டு ரயர்களுக்கும் ஒட்டுப் போட்டேன். இப்போது காலையில் நண்பர் தம் படலையில் எனக்காகக் காத்து நிற்கிறார். அவருடைய மனைவியார் மாலையில் அயல்வீட்டு அம்மையாரைத் துணைக்கழைத்துக்கொண்டு வெளிவீதி சுற்றப் போகிறார். ஆவணியில் இரத்தப் பரிசோதனை செய்யும் வரை தராசில் ஏறுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை. ஒழுங்கை நாய்கள்தாம் இன்னும் என்னோடு சமாதானத்துக்கு வரவில்லை.