சந்தை ஒழுங்குமுறைப் படிப்பு: பொருளாதாரமும் சட்டமும் ஒரே வகுப்பில் நடக்க வேண்டும்

சந்தை ஒழுங்குமுறையை முதுநிலையில் கற்பிக்கும்போது பொருளாதாரம் ஒரு துறையிலும் சட்டம் இன்னொரு துறையிலும் கிடப்பதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே பட்டத்துக்குள், ஒரே வழக்குக் கோப்பை முன்வைத்து நடக்க வேண்டும். இவ்விரு பாடங்களையும் கற்பிக்கும் ஆசிரியர்களாக இதுவே எங்கள் நிலைப்பாடு.

எங்கள் வகுப்புகளில் காண்பதைச் சொல்கிறோம். எல்.எல்.எம். மாணவர் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3, 4 பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வார்; ஒரு நிறுவனத்தின் சந்தைப் பங்கைக் கணக்கிடச் சொன்னால் தயங்குவார். எம்.ஏ. பொருளியல் மாணவர் சமன்பாடுகளைக் கரும்பலகை நிறைய எழுதுவார். இந்தியப் போட்டி ஆணையத்தின் ஓர் உத்தரவைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்.

இதனால் என்ன இழக்கிறோம் என்பதை ஒரே ஒரு வழக்கு காட்டிவிடும். கிடங்குகளில் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்கு இந்திய உணவுக் கழகம் 2009-இல் டெண்டர் கோரியது. மூன்று நிறுவனங்கள் எழுதிக் கொடுத்த விலை பைசா பிசகாமல் ஒன்றுதான்: 388 ரூபாய். விற்பவர்கள் சிலரே உள்ள சந்தையில் ஒருவர் விலையைப் பார்த்து மற்றவர் நகர்வது இயல்பு. ஒரே விலை என்பது மட்டும் சதிக்குச் சான்றாகாது என்று பொருளியல் எச்சரிக்கும். ஆனால் உறையிட்ட டெண்டரில் அடுத்தவர் விலை தெரியாது. உற்பத்திச் செலவு வெவ்வேறாக உள்ள மூவரும் ஒரே எண்ணில் வந்து நின்றதற்கு வேறு விளக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சிண்டிகேட் என்று ஊரே பேசும் ஒன்றைச் சான்றாக மாற்றுவது இந்தத் தேடல்தான்.

அடுத்து அபராதம். எந்த விற்றுமுதலின் மீது? இதே வழக்கில் ஆணையம் மொத்த விற்றுமுதலை எடுத்தபோது, அந்த மூன்றில் ஒன்றான எக்செல் நிறுவனத்துக்கு விழுந்தது ஏறத்தாழ 64 கோடி ரூபாய். சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலை மட்டும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எடுத்ததும் அது 3 கோடிக்கும் கீழே இறங்கியது. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2023 சட்டத் திருத்தமோ உலகளாவிய விற்றுமுதலைக் கொண்டுவந்துவிட்டது. தண்டனை அச்சுறுத்த வேண்டும், அதே நேரம் குற்றத்துக்கு மிஞ்சியும் போகக் கூடாது. இந்தக் கேள்வியைப் பொருளியலா சட்டமா என்று பிரித்துவைக்க எங்களால் முடியவில்லை.

மறுபக்கமும் உண்டு. சிமென்ட் நிறுவனங்கள் மீது 2012-இல் ஆணையம் விதித்த 6,000 கோடிக்கும் மேற்பட்ட அபராதத்தை 2015-இல் தீர்ப்பாயம் ரத்துசெய்தது. காரணம் விலைக் கணக்கு அல்ல. வாதங்களைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டதுதான். ஆணையம் மறுபடி விசாரித்து 2016-இல் புது உத்தரவு போட வேண்டியதாயிற்று. பொருளியல் மாணவர் இயற்கை நீதியை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

'வழக்கறிஞர் தேவைப்படும்போது பொருளியல் வல்லுநரை அமர்த்திக்கொள்ளலாமே' என்று எங்கள் சக ஆசிரியர்களிலேயே சிலர் கருதுகிறார்கள். அமர்த்தலாம். ஆனால் எதிர்த்தரப்பு வல்லுநரின் கணக்கில் ஓட்டை எங்கே என்று தெரியாதவர் குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பார்? ஆணைய உறுப்பினருக்கான தகுதிகளில் பொருளாதாரத்தையும் சட்டத்தையும் போட்டிச் சட்டமே ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆகவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்: இரண்டாண்டுப் பட்டம் தொடங்குங்கள். சட்டம் படித்தவர், பொருளியல், வணிகவியல் படித்தவர் எல்லோரையும் சேருங்கள். முதல் பருவத்தில் ஒருவருக்குப் புள்ளியியலும் மற்றவருக்குச் சட்ட அடிப்படையும் சொல்லிக்கொடுங்கள். முக்கியத் தாள்களை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்தே நடத்தட்டும். மூன்று மணி நேரத் தேர்வில் பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கம் போதும். பெயர் நீக்கிய ஒரு டெண்டர் கோப்பைக் கையில் கொடுத்து உத்தரவு எழுதச் சொல்லுங்கள். போட்டி ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் 2021 முதல் சென்னையிலேயே இருக்கிறது. மாணவர் பயிற்சிக்கு டெல்லிவரை போக வேண்டியதில்லை.

இருக்கும் விருப்பப் பாடத்துக்குப் பெயரை மட்டும் மாற்றிப் புதிய பட்டம் என்று அறிவித்தால், எங்களில் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் அதை எதிர்த்து வாக்களிப்பார்கள்.