மாடியில வெந்நீர்... கீழே பச்சைத் தண்ணி!

மார்கழி மாசம், காலை 5 மணி. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க எங்க பாட்டி. 'வருதா பாட்டி?' 'இன்னும் வரலைடா!'

மொட்டை மாடியில எல்லா வீட்டுக்கும் பொதுவா சோலார் ஹீட்டர் இருக்கு. நாங்க இருக்கிறது கிரவுண்ட் ஃப்ளோர். 'லாரித் தண்ணியை இப்படி ஊத்தி வீணாக்க மனசு வரலை'ன்னு பாட்டி பச்சைத் தண்ணியிலயே குளிக்க ஆரம்பிச்சிட்டாங்க. முட்டிவலி வேற!

மெக்கானிக்கல் படிக்கிறவன் வீட்டுலயே இப்படியான்னு ரோஷம் வந்து, டேப்போட மாடி ஏறினேன். டேங்க்ல இருந்து எங்க குழாய் வரை 30 மீட்டர். குழாயோட உள்விட்டம் 25 மி.மீ. கணக்குப் போட்டா, குழாய்க்குள்ள மட்டுமே கிட்டத்தட்ட 15 லிட்டர்! ராத்திரி ஆறிப்போன அந்தத் தண்ணி வெளியே போனாத்தான் வெந்நீர் முகம் காட்டும். சோலார் பாவம் பாஸ், குற்றவாளி குழாய்!

பெரிய ஹோட்டல்கள்ல திறந்ததும் சூடா வர்றது எப்படி? கீழே வந்த குழாய் அங்கேயே முடியாம, 'ரிட்டர்ன் லைன்' வழியா டேங்க்குக்கே திரும்பும். சின்ன பம்ப் ஒண்ணு தண்ணியைச் சுத்தவிடும். அதுக்காக நாள் முழுக்க ஓடவிட்டா, சூடெல்லாம் குழாய் வழியாவே போயிடும். அதனால குழாய்க்கு இன்சுலேஷன், பம்ப்புக்கு டைமர், தெர்மோஸ்டாட் மூணும் கட்டாயம். குளிக்கிற நேரத்துல ஓடினா போதும்.

மழை நாளுக்கு? ஹீட் பம்ப்! ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணிக்குக் கொடுக்கும். 1 யூனிட் கரன்ட்டுக்கு சுமார் 3 யூனிட் வெப்பம். கரன்ட் மிச்சம்னு டேங்க்கை வெதுவெதுப்பா மட்டும் வெச்சுடாதீங்க, லெஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரி சேஃப். குளிக்கும்போது பச்சைத் தண்ணி கலந்துக்கலாம்.

அசோசியேஷன் மீட்டிங்ல இதைச் சொன்னேன். 'எங்களுக்கு சீக்கிரமே வருதே, நாங்க ஏன் காசு போடணும்?'னு கேட்டார் டாப் ஃப்ளோர் அங்கிள். 'கீழ் வீட்டு சாக்கடையில போற தண்ணிக்கும் சேர்த்துத்தானே லாரிக்கு ஷேர் கட்டுறீங்க அங்கிள்?'னேன். கூட்டம் கப்சிப்! இன்சுலேஷனுக்கு ஓகே ஆயிடுச்சு. ரிட்டர்ன் லைன், பம்ப்புக்குக் கொட்டேஷன் வாங்கச் சொல்லியிருக்காங்க.

அதுவரைக்கும்? பாட்டிக்குத் தினமும் ஸ்டவ்வுல வெந்நீர் போட்டுத் தர்றது நான்தான்!

நாளைக்குக் காலையில உங்க குழாய்க்கடியில ஒரு பக்கெட்டை வைங்க. சூடு வர்றதுக்குள்ள எவ்வளவு நிரம்புதுன்னு அளந்துட்டு, மீட்டிங்குக்குக் கிளம்புங்க!