நூலகத்தில் டிஜிட்டல் சேவை: மாடிக் கட்டிடத்தோடு நின்றுவிடுமா? ஊர்ப்புற நூலகத்துக்கும் வருமா?

மன்னார்குடி:

நூலகம் என்றால் மர பீரோ, பழுப்பேறிய புத்தகம், தேதி முத்திரை குத்திய சீட்டு என்று இருந்த காலம் மெல்ல மாறி வருகிறது. செல்போனிலேயே புத்தகம், கம்ப்யூட்டரில் புத்தகப் பட்டியல், நூலகத்தில் இலவச வைபை என்று புதுப்புது சேவைகள் பேசப்படுகின்றன. சில இடங்களில் சோதனை முறையில் நடக்கவும் செய்கின்றன.

நல்ல விஷயம்தான். ஆனால் இந்த சேவை முதலில் யாருக்கு போய்ச் சேருகிறது என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ம் ஆண்டு அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மதுரையில் 100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி திறக்கப்பட்டது. ஏ.சி., லிப்ட், கம்ப்யூட்டர் என்று அங்கே வசதிக்கு குறைவில்லை. பார்வையற்றவர்களுக்கு தனிப் பிரிவும் உண்டு.

ஆனால் தமிழகத்தில் உள்ள பொது நூலகங்கள் 4 ஆயிரத்து 600-க்கும் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். கூலி வேலைக்கு போய்விட்டு வருபவரும், அவர் வீட்டுப் பிள்ளையும் நடந்து போய் எட்டிப் பிடிக்கக் கூடியது இந்த சின்ன நூலகங்களைத்தான்.

ரூபாய்க்கு 10 பைசா

நூலகத்தை அரசு சும்மா கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர், நூலகத்துக்கு என்று தனியாக 100 ரூபாய் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை போடுகிறார்.

இந்த வரிக்கு அடிப்படை 1948-ம் ஆண்டு கொண்டு வரப்பட்ட பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக வந்த நூலகச் சட்டம் இதுதான். இதற்காக பல ஆண்டுகள் விடாமல் பாடுபட்டவர் நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். டெல்டாக்காரர்.

மக்களிடம் வசூலாகும் நூலக வரியை சில உள்ளாட்சி அமைப்புகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உடனுக்குடன் கட்டாமல் பாக்கி வைக்கின்றன என்பது நெடுநாள் புகார். கட்ட வேண்டிய பணம் கட்டப்படாவிட்டால் நாளிதழ் வாங்குவதே இழுபறி. இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? டிஜிட்டல் சேவை பற்றி பேசுபவர்கள் முதலில் பேச வேண்டியது இந்த பாக்கி பற்றித்தான்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

புது சேவையை சின்ன ஊரில் சோதித்துப் பார்ப்பது நமக்கு புதிதல்ல. மன்னார்குடி அருகே மேலவாசல் கிராமத்தில் 1931-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி மாட்டு வண்டி நூலகம் தொடங்கப்பட்டது. கனகசபை பிள்ளை என்பவர் எடுத்த முயற்சி அது. தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். படிக்கிறவன் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் அவனிடம் போக வேண்டும் என்பதுதான் அதில் இருந்த கணக்கு.

அன்றைக்கு அது மாட்டு வண்டி. இன்றைக்கு செல்போன். வாகனம் மாறியிருக்கிறதே தவிர கணக்கு மாறவில்லை. 2022-ல் தமிழகத்தில் தொடங்கிய 'நூலக நண்பர்கள்' திட்டமும் இதே வழிதான். நூலகம் வர முடியாத முதியோர், மாற்றுத் திறனாளிகள் போன்றோருக்கு தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய் கொடுப்பது இந்தத் திட்டம்.

சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்?

டெல்டா மாவட்டங்களில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. அந்த சிங்கப்பூரில் நூலகத்தை நவீனமாக்க புத்தகத்தில் சின்ன சிப் ஒட்டும் முறையைக் கொண்டு வந்தார்கள். நூலகர் முன்னால் கியூவில் நிற்காமல் வாசகரே புத்தகத்தைப் பதிந்து எடுத்துப் போகலாம். இதை எங்கே சோதித்தார்கள் தெரியுமா? நகரின் நடுவில் உள்ள பெரிய நூலகத்தில் அல்ல. 1998-ம் ஆண்டு புக்கிட் பாத்தோக் என்ற குடியிருப்புப் பகுதியின் சமூக நூலகத்தில். அங்கே சரிப்பட்டு வந்த பிறகுதான் மற்ற நூலகங்களுக்கு போனது.

2014-ல் செல்போன் ஆப் வந்தது. புத்தகத்தின் பார்கோடை செல்போன் கேமராவில் காட்டியே இரவல் எடுக்கும் வசதியும் அதில் வந்தது. 2015-ல் அந்நாட்டின் 50-வது ஆண்டையொட்டி, சிங்கப்பூர் தமிழ் எழுத்தாளர்களின் 300-க்கும் அதிகமான நூல்கள் மின்வடிவமாக்கப்பட்டன. அங்குள்ள தமிழர்கள் தன்னார்வலர்களாக சேர்ந்து செய்த வேலை அது.

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் சாதாரண ஜனங்கள் வரும் இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பதற்கு பணம் தேவையில்லை. மனசு இருந்தால் போதும்.

செல்போனில் என்ன கிடைக்கும்?

இப்போதே காசு கொடுக்காமல் படிக்க நிறைய இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் 2017-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய புத்தகங்கள், பத்திரிகைகள், ஓலைச்சுவடிகள் எல்லாம் அதில் உள்ளன. பாரதியார், பாரதிதாசன், கல்கி போன்றோரின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அவற்றை யாரும் இலவசமாகப் படிக்கலாம். கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்நூலகம் 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வு பத்தாம் வகுப்பு தரத்தில் நடப்பது. அதற்கு முக்கியமாகப் படிக்க வேண்டிய பள்ளிப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைடு வாங்க காசு இல்லை என்று உட்கார வேண்டியதில்லை.

எங்கே இடிக்கிறது?

இருக்கிறது என்பது வேறு, கைக்கு எட்டுகிறது என்பது வேறு. ஸ்கேன் செய்த புத்தகம் ஒவ்வொன்றும் பெரிய பைல். சின்ன ஸ்கிரீனில் எழுத்து தெரியாது. பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி நகர்த்திப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும். நெட் பேக் காலி. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்கு போய்விடுகிறது என்றால் பிள்ளை எப்படி படிப்பது?

சமீபத்தில் வந்த நாவலோ, புது கைடோ இலவச மின்நூலகத்தில் கிடைக்காது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது. ஆகவே புது புத்தகத்துக்கு நூலக அலமாரிதான் கதி.

இங்கேதான் டிஜிட்டல் சேவை உண்மையில் உதவ முடியும். ஒரு ஊர்ப்புற நூலகத்தில் இருக்கும் புத்தகம் கொஞ்சம். ஆனால் மாவட்ட மைய நூலகத்தில் ஏராளம். எந்தப் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று எல்லா கிளைக்கும் தெரியும்படி ஒரே பட்டியல் வைத்தால் போதும். வாசகர் தன் ஊரிலேயே கேட்கலாம். புத்தகம் அடுத்த வாரம் வந்து சேரும். "நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது" என்று தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் தகவல் போய்விடும். ஸ்மார்ட் போன் தேவையில்லை, நெட் தேவையில்லை. புத்தகத்தை எடுத்துப் போக ஒரு வண்டி ஏற்பாடு மட்டும் வேண்டும்.

ஆள் இல்லாமல் கம்ப்யூட்டர் எதற்கு?

எந்த சேவையானாலும் அதை சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மின்நூலகத்தில் எப்படி தேடுவது, தேர்வுக்கு ஆன்லைனில் எப்படி விண்ணப்பிப்பது என்று பக்கத்தில் நின்று காட்டுபவர் நூலகர்தான். அந்த ஊர்ப்புற நூலகர்கள் நெடுங்காலமாக சிறப்பு காலமுறை ஊதியத்தில் வேலை பார்த்து வந்தவர்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு பலமுறை போராடியவர்கள். தன் பிழைப்பே நிலையில்லாதவர் தலையில் புது சாப்ட்வேரையும் சுமத்தினால் வேலை எப்படி ஓடும்?

நேரமும் ஒரு பிரச்சினை. வேலைக்கு போகிறவர் வீடு திரும்புவது இருட்டிய பிறகு. அப்போது நூலகம் பூட்டிக் கிடந்தால் உள்ளே இருக்கும் வைபையால் அவருக்கு என்ன லாபம்?

எதைப் பார்க்க வேண்டும்?

சோதனைத் திட்டம் வெற்றியா தோல்வியா என்பதை திறப்பு விழா போட்டோ சொல்லாது. ஆறு மாதம் கழித்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட, எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ரிப்பேரானால் எத்தனை நாளில் சரி செய்தார்கள், இன்டர்நெட் பில்லை யார் கட்டினார்கள், பெண்களும் முதியவர்களும் பயன்படுத்தினார்களா என்று கேட்க வேண்டும். முதல் வருட நிதி தீர்ந்ததும் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டர், இல்லாத கம்ப்யூட்டரை விட மோசம். அடுத்த முறை கேட்கும்போது 'ஏற்கனவே கொடுத்தாச்சே' என்று பதில் வரும்.

மாவட்டத்துக்கு நாலைந்து ஊர்ப்புற நூலகங்களை எடுத்து, அங்கே முதலில் சோதித்துப் பார்க்கலாம். வாரத்தில் சில நாட்களாவது இரவு 8 மணி வரை திறந்து வைக்கலாம். அந்த ஊரில் தேறிய சேவை எந்த ஊரிலும் தேறும். உள்ளாட்சிகள் நூலக வரி பாக்கியை கட்டி முடிக்க வேண்டும், ரூபாய்க்கு 10 பைசா கொடுத்தவர்களின் ஊருக்கும் இந்த சேவை வர வேண்டும் என்பதே வாசகர்களின் எதிர்பார்ப்பாக உள்ளது.