தனியாளால் ஆகாதது கூட்டத்தால் ஆகும்

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் தோழரும், சிமெண்டு மூட்டை ஏற்றும் தோழரும் கூலி உயர்வு கேட்டால் துணை நிற்க ஆள் உண்டு. பெரம்பலூரில் சின்ன வெங்காயத்தின் விலை சரிந்தால் விவசாயியோடு சேர்ந்து குரல் கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனால், போராடிப் பெற்ற அந்தக் கூலியைச் சனிக்கிழமை மாலையே கடையில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறானே ஒருவன், அவனுக்குத் துணை யார்? ஊர் அவனைக் 'குடிகாரன்' என்கிறது. உறவினர் சத்தியம் வாங்குகிறார்கள். சத்தியம் மூன்று நாள் நிற்கிறது. நான்காம் நாள் கை நடுங்குகிறது. கால் பழைய இடத்துக்கே போகிறது.

இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பவர்கள் நோயை அறியாதவர்கள் என்போம். மத்திய சமூக நீதித் துறைக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. குடியினால் கெட்டு, உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் இந்நாட்டில் 5.7 கோடிப் பேர் என்றது அது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேருக்குக் கிடைத்தது என்ன? வசையும் அடியும் தானே!

'முதலில் கடையை மூடச் சொல்லுங்கள்' என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அரசே விற்பது பற்றிய வழக்கு மக்கள் மன்றத்தில் நடக்கட்டும். ஆனால், தீர்ப்பு வரும் வரை கை நடுங்குபவன் காத்திருக்க முடியுமா? கடையை மூடிய இடத்திலும் கள்ளச்சாராயம் காத்திருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை மறந்துவிட முடியுமா?

வழி ஒன்று இருக்கிறது. 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவில் அக்ரான் என்னும் தொழில் நகரம். பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், போன காரியம் தோற்று, மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். தன்னைப் போல் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று உட்கார்ந்த டாக்டர், பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. காரணம், வந்தவர் உபதேசம் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார். அந்த இருவரிடமிருந்து பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. 1957இல் இந்தியாவுக்கும் வந்தது. மனைவி மக்களுக்கென்று 'அல்-அனான்' 1951இல் தோன்றியது.

அங்கே கட்டணம் கிடையாது. விண்ணப்பம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஊர், சாதி, வேலை எதையும் கேட்பதில்லை. ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். 'ஆயுள் முழுதும் தொடமாட்டேன்' என்ற சபதம் கேட்பதில்லை. 'இன்று ஒரு நாள் மட்டும் குடிக்கமாட்டேன்' என்பதே பாடம். இது வெறும் ஆறுதல் அன்று. 10,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளை 2020இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, குடியைத் தொடாமலே தொடர்வதில் இம்முறையும், இதில் சேர்த்துவிடும் சிகிச்சையும் மற்றச் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதாகக் கண்டது.

'அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே, பகுத்தறிவாளன் போகலாமா?' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். நம்பிக்கை அங்கே நுழைவுச் சீட்டு அன்று. தன்னைவிடப் பெரிய சக்தி அந்தக் கூட்டமே என்று கொண்டு குடியை விட்ட நாத்திகர்கள் பலர்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். ஆகவே முதலில் அரசு மருத்துவமனை, பிறகு கூட்டம். மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். 104, 14416 ஆகிய இலவசத் தொலைபேசி எண்களிலும் வழி கேட்கலாம். கைப்பேசி வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. பக்கத்தில் கூட்டம் இல்லையென்றால் சோர வேண்டாம். குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் கூடினாலே ஏ.ஏ. குழுவாகிவிடலாம்.

கழகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ இப்படி ஒரு குழு கூடுமானால், ஒரு பள்ளிக்கூட அறை கிடைக்க உதவுங்கள். வாடகை கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளட்டும். அவர்கள் வெளியார் நன்கொடை வாங்குவதில்லை, எக்கட்சியோடும் சேருவதில்லை. எனவே கொடியும் வேண்டாம், சுவரொட்டியும் வேண்டாம். குடியை விட்டவரை மேடையேற்றி மாலை போடவும் வேண்டாம். பெயர் வெளியே தெரியாதென்ற நம்பிக்கையில்தான் அவர் படியேறினார். முதல் நாள் வாசல்வரை கூடப் போங்கள். திரும்பி வரும்போது, 'எப்படி இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள்.

தனித்து நின்ற உழைப்பாளியை முதலாளி வென்றான். சங்கமாய் நின்றவனை வெல்ல முடியவில்லை. குப்பிக்கும் அதே விதிதான். கூடுங்கள், மீள்வீர்கள்!