எண்ணூர்க் கழியும் "தலைவிதி"யும்

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கின்ற எண்ணூர்க் கழியில் மீன் அற்றுப்போய் வருகின்றதென்று அங்குள்ள குப்பத்து ஜனங்கள் வெகு காலமாய் முறையிட்டு வருகின்றார்கள். இது புதிய சங்கதியல்ல. ஆனால் இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைக் கேட்ட பிறகு நாம் எழுதாமலிருக்க முடியவில்லை. ஒரு சாரார், காலம் கெட்டுவிட்டது, கடல் தாய் கோபித்துக்கொண்டாள் என்கிறார்கள். மற்றொரு சாரார், அதாவது படித்தவர்கள், தேசம் முன்னேற வேண்டுமானால் சிலர் நஷ்டப்படத்தானே வேண்டும் என்கிறார்கள். முன்னது மூடநம்பிக்கை என்பதை யாரும் ஒப்புவார்கள். பின்னதும் அதே தலைவிதிக் கதைதான். கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கின்றது, அவ்வளவே.

மீன் எப்படி அற்றது என்று பார்ப்போம். மடவை, கொடுவா, இறால் முதலியவை கடலிலும் முகத்துவாரத்தையொட்டியும் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் உப்புநீரும் நல்லநீரும் கலந்த கழிக்குள் ஏறி, அலையாத்திச் செடிகளின் வேரடியிலும் சேற்றிலும் ஒதுங்கி வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. இதற்குக் கழியில் ஆழம் வேண்டும். அடியில் மெத்தென்ற சேறு வேண்டும். தண்ணீர் தண்ணீராயிருக்க வேண்டும்.

நடந்ததென்ன? 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடத் துவங்கிற்று. அங்கே எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகின்றார்கள். அக்குழாய்கள் உடைந்தும் ஒழுகியும் பல வருஷங்களாகச் சாம்பற் குழம்பு கழியில் வடிந்தது. வடிந்தது படிந்தது, படிந்தது மேடாயிற்று. ஓடம் போன இடத்தில் இன்று ஓடம் தரை தட்டுகின்றது. யந்திரங்களைக் குளிர்விக்கப் போன தண்ணீர் சுடுநீராய்த் திரும்பி வந்து விழுந்தது. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே இந்தச் சாம்பலை அகற்றிக் கழியைச் சீர்படுத்த வேண்டுமென்று உத்தரவிட்டது. இதில் கடல் தாயின் கோபம் எங்கே வந்தது?

இது போதாதென்று எண்ணெய் வேறு. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே 2 கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கரையொதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் மொண்டதை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் கழிக்குள்ளேயே புகுந்தது. படகு, வலை, கரை எல்லாம் கறுத்தன. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணமென்று சர்க்கார் அறிவித்தது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ரூபாய் எத்தனை நாளைக்கு? கழியோ, அவர்கள் பாட்டன் காலம் முதல் சோறு போட்டது.

இப்போது காக்கா ஆழி என்ற அயல் தேசத்துச் சிப்பியும் சேர்ந்துகொண்டிருக்கின்றது. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளில் பிறந்த இது, கப்பல்களோடு வந்திருக்க வேண்டுமென்று கருதப்படுகின்றது. பாய் விரித்தாற்போல் அடித்தரையை மூடிவிடுவதால் இறால் சேற்றில் புதைய இடமில்லை. வலையுமில்லாமல் ஓடமுமில்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து ஜீவிக்கின்ற இருளர் பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். சிப்பியின் விளிம்பு கையையும் காலையும் கிழிக்கும். எந்த முன்னேற்றத்தின் கணக்கில் இவர்கள் பெயர் இருக்கின்றது?

தோழர்களே! மின்சாரம் வேண்டாமென்று சொல்லுவது நமது நோக்கமல்ல. விளக்கு எல்லோர் வீட்டிலும் எரியட்டும். ஆனால் விளக்கு ஊருக்கெல்லாம், சாம்பல் மட்டும் குப்பத்துக்கு என்று பங்கிட்டது யார்? இதே குழாய் அடையாற்றங்கரைப் பங்களாக்களின் ஓரமாய்ப் போய் உடைந்திருக்குமானால், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்களா? மறு நாளே என்ஜினீயர்கள் ஓடிவந்திருக்க மாட்டார்களா? எண்ணூரில் ஒழுகினால் விதி, அடையாற்றில் ஒழுகினால் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம்?

குப்பத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கழிக்குப் பூஜை போட்டால் சாம்பல் கரையாது. எந்தக் குழாய் எந்தத் தேதியில் உடைந்தது, எந்த மீன் எந்த மாதத்தில் வரவில்லை என்பதை எழுதி வையுங்கள். கேட்கும்போது கையில் கணக்கிருக்கட்டும்.

சர்க்கார் செய்யவேண்டியது தெளிவு. தீர்ப்பாயத்தின் உத்தரவு ஏட்டில் கிடக்காமல் நிறைவேற வேண்டும். சாம்பலை அள்ளவேண்டும், காக்கா ஆழியை அகற்றவேண்டும், முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்து வைக்கவேண்டும். அந்த வேலைக்குக் குப்பத்து ஆண்களையும் பெண்களையுமே கூலி கொடுத்து அமர்த்தி, எங்கே எவ்வளவு ஆழம் இருந்ததென்று வரைபடம் போடுகிறவர்கள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்கட்டும்.